ரேணுகாம்பாள் கட்டிக்கொடுத்த ஸ்கீ பை

எங்கள் கடையிலிருந்து வெளியூர் போன பட்டுப்புடவை ஏதாவது காரணத்தால் திரும்பி வந்தால், எல்லோரும் புடவையைப் பார்ப்பார்கள். ரேணுகாம்பாள் அக்கா மட்டும் அது வந்த பெட்டியைப் பார்ப்பார். மூலை எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, டேப் எங்கே கிழிந்திருக்கிறது, ஈரம் கீழேயிருந்து ஏறியதா மேலேயிருந்து இறங்கியதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது லாரியில அடியில மாட்டிகினு போயிருக்கு. மேல இரும்பு சாமான் எதையோ வெச்சிருக்காங்க" என்பார். அடுத்த முறை அந்த ஊருக்குப் போகும் பெட்டியில் அந்த மூலைக்கு மட்டும் இன்னொரு அட்டை ஏறியிருக்கும்.

ஆரணியில் பட்டு நெய்கிறவர்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நெய்ததைக் கசங்காமல் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களைப் பற்றி யாராவது பேசி நான் கேட்டதில்லை. அக்காவைப் பற்றி எழுத எனக்கு வேறு காரணமே வேண்டாம். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் அவர் செய்த ஒரு வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அக்காவுக்கு நாற்பத்திமூன்று வயது. வீடு கொசப்பாளையத்தில். கணவர் திருமலை அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். அக்கா பத்தொன்பது வயதில் எங்கள் கடைக்குப் புடவை மடிக்க வந்தவர். இப்போது பார்சல் அறை மொத்தமும் அவர் கையில். நான் அதே கடையில் ஆன்லைன் ஆர்டர் பார்க்கிறேன். என் பெயர் அவருக்குத் தெரியும், ஆனால் கூப்பிடுவது "கம்ப்யூட்டரு" என்றுதான்.

அவருடைய அறைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கு வாசலைத் தாண்டக்கூடாது. பட்டில் ஒரு சொட்டு பட்டால் அந்தப் புடவை கதை முடிந்தது. முதலாளி சடையப்பனே ஒருநாள் கையில் பாதி வடையோடு வந்தபோது, "அண்ணே, அங்கியே நில்லுங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். முதலாளி நின்றுகொண்டே வடையைத் தின்று முடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டாவது சட்டம், கட்டி முடித்த பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். லேசாக ஏதாவது நகர்கிற சத்தம் கேட்டாலும் பிரித்துத் திரும்பக் கட்டுவார். "உள்ள எதுவும் பேசக்கூடாது" என்பார்.

இனி ஹெப்சிபா. அவள் என்னோடு வேலூரில் கல்லூரியில் படித்தவள். அப்பா கண்ணமங்கலத்தில் பள்ளி ஆசிரியர். கல்லூரியில் என்சிசியில் இருந்தபோது காஷ்மீரில் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கூடப் போனவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். இவள் அந்த ஆட்டத்தையே மனசில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். ஆரணிப் பக்கம் பனி ஏது? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போளூர் பஸ் பிடித்து, அங்கிருந்து ஜமுனாமரத்தூர் மலைப்பாதைக்குப் போய், காலில் சக்கர ஷூ மாட்டிக்கொண்டு வளைவு வளைவாக இறங்கிப் பழகுவாள். மலைமேல் பஸ் டிரைவர்களுக்கெல்லாம் அவளைத் தெரியும்.

போன வருஷம் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி குல்மார்க்கில் நடந்தது. பழைய ஸ்கீ ஒரு ஜோடி வாங்கி, அட்டையும் பபிள் ஷீட்டும் சுற்றி, விமானத்தில் போட்டுக் கொண்டுபோனாள். ஸ்கீ என்பது ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளப் பலகை. பனியில் வழுக்குகிற அடிப்பக்கம் கறுப்பு பிளாஸ்டிக். இரண்டு விளிம்பிலும் கத்தி மாதிரி எஃகுக் கம்பி ஓடும். அதுதான் திரும்பும்போது பனியைப் பிடிக்கும். மேலே பூட்ஸை முன்னும் பின்னும் கவ்வுகிற கொக்கி இரண்டு இருக்கும், பைண்டிங் என்பார்கள். அங்கே போய்ப் பார்சலைப் பிரித்தபோது ஒரு கொக்கி அடியோடு பெயர்ந்திருந்தது. வாடகைக்குக் கிடைத்த ஸ்கீ எதுவும் அவள் பூட்ஸுக்குப் பொருந்தவில்லை. மற்றவர்கள் ஓட, அவள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

இந்த வருஷம் மறுபடியும் தேர்வு. பெங்களூரில் இருக்கிற அவளுடைய கோச் தான் ஒரு காலத்தில் ஓடிய ஜோடியைக் கொடுத்தார். "இதுவும் போச்சுன்னா எங்கிட்ட வேற இல்லம்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஹெப்சிபாவுக்கு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது, ஏப்ரலில் சேர வேண்டும். முதல் வருஷத்தில் பத்து நாள் லீவு யார் கொடுப்பார்கள்? அதனால் இந்தத் தடவை விட்டால் அவளுக்கு இன்னொரு தடவை இல்லை. ஸ்கீ உடையாமல் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. நான்தான் அவளை அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை வந்தாள். வெள்ளிக்கிழமை காலை சென்னையிலிருந்து டெல்லி வழியாக விமானம். கோச் கொடுத்த ஜோடியைத் தோளில் சாய்த்து, இன்னொரு கையில் போன வருஷத்து உடைந்த ஜோடியை அதன் அட்டை, டேப் எல்லாவற்றோடும் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். பார்க்கப் பிடிக்காமல் அதை அப்படியே பரணில் போட்டு வைத்திருந்தாளாம். பழைய பேக்கிங் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னதே அக்காதான்.

கோச் கொடுத்த ஜோடியை அக்கா தொடவேயில்லை. தரையில் உட்கார்ந்து பழைய கட்டை மடியில் போட்டுக்கொண்டார்.

"இத யாரு கட்டனது?"

"நான்தான்க்கா. மூணு ரோல் டேப் சுத்தினேன்."

"நல்லாதான் சுத்தியிருக்க. நடுவுல மட்டும் ஏன் வேற டேப்பு கீது?"

ஹெப்சிபா குனிந்து பார்த்தாள். அவள் சுற்றியது பழுப்பு டேப். நடுவில் இரண்டடி நீளத்துக்கு மட்டும் வெள்ளை டேப், கோணல்மாணலாக. ஒரு வருஷமாக அதை அவள் கவனிக்கவேயில்லை.

"கத்தியால கீறித் தொறந்திருக்காங்க பாப்பா. பாத்துட்டு அவங்க டேப்ப போட்டு ஒட்டியிருக்காங்க. கொக்கிக்கு மேல ஸ்பாஞ்சு எதுனா வெச்சிருப்பியே, அது எங்க?"

"தெரியலக்கா. அங்க போய் பிரிச்சப்போ இல்ல."

"அது திரும்பி உள்ள போவல. கொக்கி வெளிய நீட்டிகினே போயிருக்கு. எதுலயோ மாட்டிகினு புடுங்கியிருக்கு."

"நாசமா போறவங்க" என்றேன் நான்.

"ஏ கம்ப்யூட்டரு, சும்மா இரு. உள்ள இன்னா கீதுன்னு பாக்கறது அவங்க வேல. நூறு பொட்டி வரிசையில நிக்கும்போது எவன் ஒக்காந்து ஸ்பாஞ்சு அடுக்குவான்? இவ தொறக்க முடியாத மாதிரி கட்டியிருக்கா. அவங்க மூடத் தெரியாம மூடியிருக்காங்க."

சொல்லிவிட்டு அக்கா அந்த வெள்ளை டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் அவரே சிரித்துக்கொண்டார். "இருவத்திநாலு வருஷமா எவனும் தொறக்கக் கூடாதுன்னு கட்டிகினு கீறேன். இத தொறக்கறதுக்குன்னே கட்டணும்போல."

அந்த ஒரு யோசனைக்காகவே அவரைக் கும்பிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எத்தனை பேர் அந்த உடைந்த ஸ்கீயைப் பார்த்திருப்பார்கள். கோச் பார்த்தார், ஹெப்சிபாவின் அப்பா பார்த்தார், நான் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் உடைந்த இடத்தைத்தான் பார்த்தோம்.

ஆனால் மறுநாளே அக்கா ஒரு தப்பு செய்தார். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கோச் கொடுத்த ஜோடியைத் திருப்பிப் போட்டபோது அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாக, மங்கலாக, பிசுபிசுப்பாக ஏதோ படிந்திருந்தது. விளிம்புக் கம்பி மேலும் அதே. விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். எண்ணெய்ச் சமாச்சாரம். அவருடைய அறையில், அவருடைய மேஜை மேல். ஹெப்சிபாவின் துணிகளும் அதே பையில்தான் வரப்போகின்றன, எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டால்? இருபத்திநாலு வருஷப் பழக்கம் என்ன சொல்லுமோ அதைச் செய்தார். கொல்லைப்பக்கம் எடுத்துக்கொண்டு போய், பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டி, பஞ்சில் பெட்ரோல் தொட்டுத் துடைத்து, முகப் பவுடர் தூவி ஊறவைத்து, மறுபடி துடைத்து. பட்டில் எண்ணெய்க் கறை எடுக்கிற அதே முறை. மூன்று மணி நேரம்.

"நாலு ஆர்டர் கட்டியிருக்கலாம்" என்று சடையப்பன் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"சாயங்காலம் இருந்து கட்டிட்டுப் போறேங்க அண்ணே. இந்த அழுக்கோட எப்படி அனுப்பறது?"

புதன்கிழமை மதியம் ஹெப்சிபா வந்தாள். மேஜையில் ஜோடி கிடந்தது, அடிப்பக்கம் கறுகறுவென்று. அவள் கையை வைத்துத் தடவினாள். முகம் மாறிவிட்டது.

அக்கா உடனே கண்டுகொண்டார். "நான்தான் தொடச்சேன். இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லன்னா மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? சொல்லு."

"அது அழுக்கு இல்லக்கா. மெழுகு. கோச் பார்த்துப் பார்த்து போட்டது."

அக்கா நாற்காலியில் உட்காரவில்லை, தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை, ‘எனக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்கவும் இல்லை. "அவருக்கு போன் போடு. நானே சொல்றேன்" என்றார்.

ஹெப்சிபா ஸ்பீக்கரில் போட்டாள். அக்கா முன்னால் குனிந்து, ரொம்பத் தெளிவாகச் சொன்னார்: "சார், நான் ஆரணியிலேர்ந்து பேசறேங்க, ரேணுகாம்பாள். உங்க ஸ்கீயில இருந்த மெழுகு பூரா நான்தான் பெட்ரோல் போட்டுத் தொடச்சிட்டேன். பாப்பா மேல தப்பு இல்லீங்க. இப்ப இன்னா பண்ணணும்னு சொல்லுங்க."

கோச் தன் பெங்களூர்த் தமிழில், கோபப்படாமல், ஆனால் சிரிக்காமலும் சொன்னார். அந்த மெழுகுதான் அடிப்பக்கத்துக்குச் சாப்பாடு. வெறுமனே விட்டால் பிளாஸ்டிக் காய்ந்து வெளுத்துப்போகும். பனியில் வழுக்காது, ஒட்டும். விளிம்புக் கம்பியும் ஈரக் காற்றில் இரண்டே நாளில் துருப்பிடிக்கும். அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றால், சனிக்கிழமை சாயந்திரம்தான் அவரும் அவரிடம் பயிற்சி எடுக்கிறவர்களும் போய்ச் சேர்கிறார்கள், ஞாயிறு காலை போட்டி, ஏழு பேருக்கு ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டி. கடைசிப் பூச்சு ஒன்றுதான் அங்கே போட முடியும். அதற்குக் கீழே நாலு பூச்சு இப்போதே இறங்கியிருக்க வேண்டும். கூரியரில் மெழுகு அனுப்பினாலும் வெள்ளிக்குள் வருமோ என்னவோ.

"எந்த மெழுகுங்க சார்? மெழுகுவத்தி ஆவுமா?"

"வேற வழி இல்லன்னா ஆகும். வெள்ளை மெழுகுவர்த்தி, கலர், வாசனை எதுவும் இருக்கக்கூடாது. இஸ்திரிப் பெட்டியில உருக்கி சொட்டு சொட்டா விட்டு, மேல பெட்டியை ஓட்டணும். ஆனா அம்மா, கஷ்டம். சூடு ஜாஸ்தி ஆனா பிளாஸ்டிக் வெந்துடும். ஒரே இடத்துல ரெண்டு செகண்டு நின்னா போச்சு. பழக்கம் இல்லாதவங்க செஞ்சா..."

"ஜரிகைக்கும் அதுதாங்க சார்" என்றார் அக்கா. "பெட்டி நின்னா ஜரிகை கறுத்துப்பூடும். நான் செய்யறேன். நீங்க சொல்லிகினே இருங்க."

அன்று சாயங்காலமே கொசப்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் இரண்டு ஸ்டூல் போட்டு ஸ்கீயைப் படுக்க வைத்தார்கள். கடையில் வைத்துச் செய்ய முடியாது. மெழுகு ஒரு சொட்டுத் தெறித்தால் யார் பதில் சொல்வது. கோச் வீடியோ காலில். நான் போனைப் பிடித்துக்கொண்டேன். ஹெப்சிபா நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அக்கா நல்ல ஸ்கீயைத் தொடவில்லை. உடைந்த பழைய ஸ்கீயை எடுத்து வைத்தார். "இதுல கை பழகட்டும்." பெட்டியின் சூட்டைக் குறைத்து, மெழுகுவர்த்தியை அதன் அடியில் வைத்துப் பார்த்தார். உருகியது, புகையவில்லை. புறங்கையைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு கணம் வைத்தார், இன்னும் கொஞ்சம் குறைத்தார். சொட்டுச் சொட்டாக நுனியிலிருந்து வால் வரை மெழுகை விட்டார். அப்புறம் பெட்டியை வைத்து ஒரே இழுப்பு. கை நிற்கவில்லை, அவசரமும் இல்லை. பின்னாலேயே கறுப்பு மேல் ஒரு ஈரப் பளபளப்பு ஓடிக்கொண்டே வந்து, ஒரு விரல்கடை தூரத்தில் மங்கி உறைந்தது. நான் எத்தனையோ தடவை அவர் புடவைக்குப் பெட்டி போட்டுப் பார்த்திருக்கிறேன். அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அடுத்து நான் ஒரு தடவை முயன்றேன். பழைய ஸ்கீயில் இப்போதும் அந்தத் தழும்பு இருக்கிறது.

"கம்ப்யூட்டரு, நீ போனையே புடி" என்றார் அக்கா.

கோச் போனில், "அம்மா, எத்தனை வருஷமா ஸ்கீ வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

"இப்பத்தாங்க சார், அரை மணி நேரமா."

நல்ல ஜோடிக்கு வந்தார். ஒரு பூச்சு, ஆறவிடு, ஸ்கேலால் சுரண்டு, மறு பூச்சு. நாலாவது பூச்சை விளிம்புக் கம்பியையும் மூடுகிற மாதிரி தடிமனாக விட்டு, சுரண்டாமல் வைத்தார். அதைத்தான் கோச்சும் முதலில் செய்து வைத்திருந்தார், பயணத்துக்கென்று. அக்கா அதன்மேல் கை வைத்துப் பார்த்தார். அதே பிசுபிசுப்பு. எந்தப் பிசுக்கை மூன்று மணி நேரம் துடைத்தாரோ அதையே ரெண்டரை மணி நேரத்தில் திரும்பப் பூசியிருந்தார். "பேஜாரான பொருளு இது" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார்.

வியாழக்கிழமை கட்டும் வேலை.

மரப்பெட்டி வேண்டாம் என்று முன்பே முடிவு. விமானத்தில் பதினைந்து கிலோதான். மரப்பெட்டியே எட்டு கிலோ வரும். தடித்த ரெக்சினில் நீளப் பை ஒன்றைத் தானே தைத்திருந்தார். நீளவாட்டில் முழுக்க ஜிப், ஒரே இழுப்பில் திறக்கிற மாதிரி.

இரண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் அடிப்பக்கத்தோடு சேர்த்து வைத்தார். நடுவில் மெல்லிய ஸ்பாஞ்ச். ஜரிகைக் கரை ஒன்றோடொன்று உரசாமல் இருக்க மடிப்புக்கு நடுவே பேப்பர் வைப்பதைப்போலத்தான். விளிம்புக் கம்பி பையை அறுக்காமல் இருக்க என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவர், எழுந்து போய் ஒரு கட்டு பழைய ஜக்கார்டு அட்டை கொண்டுவந்தார். தறியில் டிசைன் விழுவதற்காக ஓட்டை ஓட்டையாகக் குத்திய அட்டைகள். டிசைன் மாறினால் மூலையில் போட்டுவிடுவார்கள். வருஷக்கணக்காகத் தறியில் அடிபட்டும் கிழியாத அட்டை. அதை நீளவாட்டில் மடித்து விளிம்பு முழுக்க உறை மாதிரி மாட்டிவிட்டார். எடை என்று ஒன்றுமே இல்லை.

கொக்கிகளைச் சுற்றி ஹெப்சிபாவின் ஸ்வெட்டர், காலுறை, கையுறை. ஆனால் தளரச் சுற்றவில்லை. ஒவ்வொன்றையும் கொக்கியின் வடிவத்துக்கு மடித்துத் தைத்த சின்னச் சின்ன மெத்தைப் பைகளில் திணித்து, அந்தப் பைகளைப் பெரிய பையின் உள்பக்கத்தோடேயே தைத்துவிட்டார். இனி யார் திறந்தாலும் அது கீழே விழாது, தொலையாது. ஸ்கீயைப் பிடித்துக்கொள்ள, கிளிப் வைத்த மூன்று பட்டை. முதல் பட்டையின் இரண்டு முனையிலும் சிவப்பு நாடா, இரண்டாவதில் பச்சை, மூன்றாவதில் மஞ்சள். சிவப்பைச் சிவப்போடு மாட்டினால் முடிந்தது.

"எந்த பாஷைக்காரன் தொறந்தாலும் கலர் தெரியும்ல" என்றார்.

பூட்ஸைக் கையோடு எடுத்துப்போகச் சொன்னார். "ஸ்கீ லேட்டா வந்தாலும் எரவலுக்குத் தேடிப் பாக்கலாம். பூட்ஸு காலுக்குப் பழகனது, அது எரவல் கெடைக்காது." அதைக் கோச்சும் முன்பே அவளிடம் சொல்லியிருந்தாராம், அதே காரணத்தோடு.

கட்டி முடித்ததும் அக்கா பையைக் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே எதுவும் பேசவில்லை. ஆனால் அவர் முகத்தில் திருப்தி இல்லை. மில்லிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் திருமலையை வரச் சொல்லியிருந்தார். அவர் அழுக்குத் துண்டோடு வாசலில் நின்றார்.

"உள்ள வரலாமா, இல்ல நானும் வடை சாப்ட்டவன்தானா?"

"வாய்யா. இத ஒரு தபா தூக்கிப் போடு."

"எப்படிப் போடணும்?"

"நூறு மூட்டை எறக்குன அப்பால நூத்தியோராவது மூட்டையை எப்படிப் போடுவியோ அப்படி."

ஹெப்சிபா, "அக்கா, வேணாம்க்கா" என்றாள். திருமலை பையைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு முனையைப் பிடித்துத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்.

"ஏன் இழுக்கற? தூக்குன்னேன்."

"எங்கப் புடிச்சித் தூக்கறது? நீட்டமா கீது. நடுவுல கைக்கு ஒண்ணியும் கெடைக்கல. முனைதான் கைக்கு வருது. முனை வந்தா எவனும் இழுக்கத்தான் செய்வான்."

அக்கா அவரையே பார்த்தார். அந்தப் பார்வையில் எரிச்சலும் இருந்தது, மரியாதையும் இருந்தது. பையைப் பிரித்து, நடுவில், சரியாக எடை சமமாகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு கைப்பிடி வைத்துத் தைத்தார். அதற்குள் மெத்தையும் வைத்தார், கை வலிக்காமல். இழுபடுகிற முனைக்குப் பழைய டயர் டியூபை வெட்டி ஒட்டுப்போட்டார். திருமலை சாப்பிடாமல் காத்திருந்து மறுபடி தூக்கினார். இந்தத் தடவை கை தானாகவே நடுவுக்குப் போனது. இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டார், இரண்டு தடவை. ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள். பிரித்துப் பார்த்தார்கள். எதுவும் அசையவில்லை. கடைத் தராசில் பதினாலே முக்கால்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் ஹெப்சிபாவோடும் என்னோடும் அக்காவும் சென்னைக்கு வந்தார். வரவேண்டிய அவசியம் இல்லை. "அங்க எப்படித் தூக்கறாங்கன்னு பாக்கணும்" என்றார். விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. ஹெப்சிபா கும்பிட்டுவிட்டுத் தள்ளுவண்டியோடு உள்ளே போனாள். அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, கவுண்டரில் பை பெல்ட் மேல் ஏறுவதைத் தூரத்தில் பார்த்தார். ஒருத்தர் வந்து தூக்கினார். நடுவில் பிடித்தார்.

"பாத்தியா" என்றார் அக்கா என்னிடம். ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில், ஆற்காடு தாண்டுகிற வரை, ஜிப் நடுவழியில் பிய்ந்துகொண்டால் என்ன ஆகும், மஞ்சள் பட்டையின் கிளிப் கொஞ்சம் லேசானதோ, மெழுகு வழியில் உதிர்ந்தால் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவ்வளவு கவலையோடு அவரை நான் பார்த்ததில்லை. புடவை கெட்டால் இன்னொன்று நெய்யலாம். இதற்கு மாற்று இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை முழுக்க சத்தமில்லை. சாயங்காலம் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன்; திருமலை அண்ணனும் வேலை முடிந்து வந்திருந்தார். ஆறு மணிக்கு வீடியோ கால். ஹெப்சிபாவின் பின்னால் ஒரு மர அறை, ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. பையைக் கட்டில்மேல் வைத்திருந்தாள். இன்னும் திறக்கவில்லை. எங்களோடு சேர்ந்து திறக்கவேண்டும் என்று வைத்திருந்தாளாம்.

"மொதல்ல வெளிய காட்டு" என்றார் அக்கா.

ஒரு பக்கம் கறுப்பாக இழுபட்ட தடம். டியூப் ஒட்டு தேய்ந்திருந்தது, ரெக்சின் கிழியவில்லை. ஜிப்பில் ஒரு சின்னச் சீட்டு கட்டியிருந்தது. சோதனைக்காகத் திறந்தோம் என்று அதில் அச்சடித்திருந்தது. ஹெப்சிபா ஜிப்பை இழுத்தாள். சிவப்பு சிவப்போடு, பச்சை பச்சையோடு. மெத்தைகள் அந்தந்த இடத்தில். கொக்கி நாலும் அப்படியே. அவள் அட்டை உறையை உருவி விளிம்பைக் காட்டினாள். மெழுகுக்குள் கம்பி சுத்தமாக இருந்தது. கோச் பின்னாலிருந்து தலையை நீட்டி, "அம்மா, பக்கா" என்றார்.

"மஞ்சள காட்டு" என்றார் அக்கா.

மஞ்சள் பட்டையின் கிளிப் உடைந்திருந்தது. ஆனால் பட்டை தளரவில்லை. யாரோ அதன் இரண்டு முனையையும் ஒரு பிளாஸ்டிக் கயிற்றால் சேர்த்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். அக்கா போனை என் கையிலிருந்து வாங்கி, திருமலையிடம் காட்டினார். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"மூட்டைக்காரன் போட்ட முடிச்சு இது. இழுக்க இழுக்க இறுகும், ஒரு முனையை உருவினா அவுந்துக்கும். சென்னையா, டெல்லியா?"

"தெரியலண்ணா" என்றாள் ஹெப்சிபா.

"எவனோ நின்னு கட்டியிருக்கான்" என்றார் அக்கா. "நூறு பொட்டிக்கு நடுவுல." அந்த முடிச்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. கடை விடுமுறை, நான் சைக்கிளில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் ஒரு வளைவில் கொஞ்சம் தடுமாறினாளாம், விழவில்லை. இரண்டாவது நன்றாக வந்ததாம். பெண்களில் நாலாவது. மாநில அணிக்கு எடுப்பது முதல் ஐந்து பேரை. ஹெப்சிபா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள், பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள், ஒரு வார்த்தை விட்டு ஒரு வார்த்தைதான் கேட்டது.

"அக்கா, நான் டீம்ல இருக்கேன். கேக்குதா அக்கா? உங்களாலதான்."

"கேக்குது பாப்பா. நீ ஓடன, நீ வந்த. ரொம்ப சந்தோஷம்." அக்காவின் கண் நிறைந்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். "ஸ்கீ இப்ப எங்க வெச்சிருக்க?"

"பனியிலதான்க்கா, நட்டு வெச்சிருக்கேன்."

"எடுத்து உள்ள கொண்டும்போய் தொடச்சி வை. துணியால ஒத்தி எடு, தேய்க்காத. அட்டையில ஈரம் இருந்தா ஹீட்டர் பக்கத்துல காய வை. ஈரத்தோட பையில போட்டு மூடாத, கம்பி துருப்புடிச்சிடும். எப்ப கெளம்பற?"

"செவ்வாய்க்கிழமைக்கா."

"நல்லதாப் போச்சு, காய ஒருநாள் கெடைக்குது. கோச் கிட்ட மெழுகு வாங்கி விளிம்புக்கு ஒரு கோட்டு விட்டுடு. அந்த மஞ்சளுக்கு அதே முடிச்சப் போட முடியுமா பாரு. முடியலன்னா இரு, உங்க அண்ணன்கிட்ட போன தரேன், எப்படிப் போடறதுன்னு சொல்லுவாரு."